பீரோவில் இல்லாத பெட்டி

"பீரோ காலியா இருக்கு! எங்க பெட்டி எங்க மேடம்?"

பெரிய ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் பிரிவுத் தலைவர் போட்ட சத்தத்தில், சின்ன ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் அறையே அதிர்ந்தது. வேலையில் இருந்த இரண்டு பெண்கள் எழுந்து நின்றுவிட்டார்கள்.

அவர் கொதித்ததில் நியாயம் இருந்தது. அன்று காலை அவருடைய கம்ப்யூட்டர் அறை தீயில் கருகிப் போயிருந்தது. நோயாளிகளின் விவரங்களுக்கு பேக்கப் நகல் வேறு கட்டடத்தில் இருந்ததால் தப்பித்தது. ஆனால் அதை எந்த வரிசையில், எந்தப் பாஸ்வேர்டு போட்டு மீட்பது என்று சொல்லும் வழிமுறைக் குறிப்பு இல்லாவிட்டால் அந்த நகல் வெறும் தகரம்.

அந்தக் குறிப்பின் அச்சுப் பிரதி, முத்திரையிட்ட பெட்டியில், இந்தச் சின்ன ஆஸ்பத்திரியின் பீரோவில் இருக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே நிர்வாகம். ஒருவர் குறிப்பை மற்றவர் காப்பது ஏற்பாடு.

பெரிய ஆஸ்பத்திரியின் புற்றுநோய் வார்டில் நோயாளிகள் ஊசிக்குக் காத்துக் கிடந்தார்கள். யாருக்கு எந்த மருந்து, எவ்வளவு என்று தெரியாமல் டாக்டர்கள் கையைப் பிசைந்துகொண்டிருந்தார்கள்.

"பெட்டி வீட்டுல இருக்கு சார்" என்றாள் அந்த அறையின் பொறுப்பாளர் அம்மா.

"வீட்டுலயா? யார் வீட்டுல?"

"எங்க வீட்டுலதான். என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டுட்டேன். எடுத்துட்டு வந்துட்டிருக்கார்."

"ஆஸ்பத்திரி ரகசியம் மேடம் அது! வீட்டுக்குத் தூக்கிட்டுப் போக, என்ன, பழைய துணி மூட்டையா?"

"கூரை ஒழுகுது சார். சரியா பீரோ மேலயே சொட்டுது. ரிப்பேருக்கு எழுதி எழுதிக் கையே ஓஞ்சு போச்சு."

"ஒழுகினா குடை பிடிங்க! விதின்னா விதி. மேலிடத்துக்கு எழுதி உங்க சீட்டைக் கிழிக்கலைன்னா பாருங்க!"

"கிழிங்க சார். முதல்ல ஒரு வாய் தண்ணி குடிங்க."

அந்த நிதானம் அவர் கோபத்தை இன்னும் கிளறிவிட்டது. தம்ளரைத் தள்ளிவிட்டார்.

அதற்குள் அவளுடைய கணவர் மூச்சு வாங்க வந்து நின்றார். கையில் பிளாஸ்டிக் தாள் சுற்றிய பெட்டி.

"எங்கம்மா குடுக்கவே மாட்டேன்னுட்டாங்க. 'மருமக சொன்னாத்தான் தருவேன், நீ யாருடா'ன்னு என்னையே கேக்கறாங்க! போன்ல இவ குரலைக் கேட்டப்புறம்தான் கட்டிலுக்கடியில இருந்து எடுக்க விட்டாங்க."

பிரிவுத் தலைவர் பெட்டியைப் பிடுங்கிப் பிரித்தார். முத்திரை கலையவில்லை. ஒரு தாள்கூட நனையவில்லை. போனில் தன் ஆட்களைப் பிடித்து வரி வரியாக வாசித்தார். வாசிக்க வாசிக்க வியர்த்தது.

கடைசியில் மறுமுனையில் ஆரவாரம். "வந்துடுச்சு சார்! மருந்து விவரமெல்லாம் அப்படியே வந்துடுச்சு!"

அவர் நாற்காலியில் சாய்ந்தார். ஆனால் கோபம் மட்டும் இறங்கவில்லை.

"இருந்தாலும் தப்பு தப்புதான் மேடம். அடுத்தவங்க நம்பிக் குடுத்த பொருளை, வைக்க வேண்டிய இடத்துல வைக்கணும். இந்தப் பொறுப்புகூட இல்லாதவங்களுக்கு எதுக்கு இந்த வேலை?"

அவர் பெட்டியோடு வாசலைத் தாண்டும்போதுதான், அவள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"சார், எங்க ஆஸ்பத்திரிப் பெட்டி உங்ககிட்ட இருந்துச்சே... தீயில அதுக்கு ஒண்ணும் ஆகலையே?"

அவர் திரும்பி, கையிலிருந்த தன் பெட்டியைப் பார்த்தார்.

தன் கம்ப்யூட்டர் அறையின் தீத்தடுப்புக் கதவு தானாகச் சாத்திக்கொள்ளாமல் இருக்க, போக வர வசதியாக, சின்ன ஆஸ்பத்திரியின் பெட்டியைத்தான் அவர் முட்டுக் கொடுத்து வைத்திருந்தார். திறந்து கிடந்த அந்தக் கதவு வழியாகத்தான் தீ உள்ளே நுழைந்திருந்தது.