கடைசி பெஞ்சின் ஆமென்

பேசும்போது நாக்கு தந்தியடிக்கும் என்பதால் கான்வென்ட் பள்ளியில் அவளுக்குத் தந்தி என்றே பெயர். தவக்காலச் சிலுவைப்பாதை, முதல் வெள்ளி ஆராதனை எல்லாவற்றிலும் கூட்டத்தோடு கூட்டமாக முணுமுணுத்தே காலத்தை ஓட்டியவள், அக்டோபர் செபமாலையை முன்னின்று சொல்லக் கையைத் தூக்கிவிட்டாள்.

"நீ முடிக்கறதுக்குள்ள கிறிஸ்துமஸ் வந்துடும்டி" என்றாள் பக்கத்துப் பெண்.

"வ... வரட்டுமே. கேக்கோட வா."

"நடுவுல நின்னுட்டா செபமாலைய வேற ஆளுக்குக் கொடுத்துடுவேன்" என்றார் சிஸ்டர்.

பள்ளி விட்டதும் ஆளில்லாத சிற்றாலயத்தில் தினமும் பழகினாள். 'அருள் மிகப் பெற்ற மரியே' என்று தொடங்கும் செபத்தின் முன்பாதி அவளுடையது, பின்பாதி கூட்டத்துக்கு. ஒருநாள் காலியாக இருந்த கடைசி பெஞ்சிலிருந்து பின்பாதி வந்தது. அந்தக் குரலும் திக்கியது, 'இறப்பின் வேளையிலும்' என்ற இடத்தில். தந்தி திரும்பிப் பார்த்தாள், யாருமில்லை. ஆனாலும் ஓடவில்லை. ஆமென் வந்த பிறகே செபமாலையின் அடுத்த மணியை நகர்த்தினாள். பிறகு தினமும் அப்படித்தான்.

அவள் முன்னின்று சொல்ல வேண்டிய நாளில் கடைசி பெஞ்ச் தவிர சிற்றாலயம் நிறைந்திருந்தது. தந்தி திக்கினாலும் விடாமல் முன்பாதியைச் சொல்லி முடித்தாள். பள்ளியே ஒரே மூச்சில் பதில் சொல்லி ஆமென் போட்டது. அவள் அடுத்ததைத் தொடங்கவில்லை.

சிஸ்டர் செபமாலைக்குக் கை நீட்டினார். "மறந்துட்டியாம்மா?"

தந்தி மணியை இறுகப் பிடித்துக்கொண்டாள். "இ... இல்ல சிஸ்டர். பின்னாடி இன்னும் முடிக்கல."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கடைசி பெஞ்ச் காலியாகத்தான் இருந்தது. "இ... இ... இறப்பின்..." என்றது அங்கிருந்து ஒரு குரல்.

"மெதுவா சொல்லுங்க" என்றாள் தந்தி, திக்காமல்.