மூங்கிலுக்குள் ஒரு வீச்சு

காற்றுக்கு விலை ஐம்பதாயிரம் டாலர்.

முதல் பரிசுக்கும் இரண்டாம் பரிசுக்கும் நடுவே அவ்வளவு இருக்கிறது. அவன் அடித்தது காற்றை. வேறெதையும் இல்லை.

இப்போது கூடாரத்துக்குள் உட்கார்ந்திருக்கிறான். எதிரே மேசையில் அவன் அடிக்கணக்கு எழுதிய அட்டை. விரல் நீளம்கூட இல்லாத பென்சில். வெளியே மலேசிய மழை, வரலாமா வேண்டாமா என்று பேரம் பேசிக்கொண்டிருக்கிறது.

  

கோல்ஃபில் குறைந்த அடியில் முடிப்பவனுக்கே கோப்பை. அதில் ஒரு கூத்து உண்டு. உன் கணக்கை உன்னோடு போட்டிக்கு ஆடுகிறவன்தான் எழுதுவான். எதிர்க்கடைக்காரனிடம் கல்லாச் சாவியைக் கொடுத்துவிட்டு வியாபாரம் பார்ப்பது மாதிரி. கடைசியில் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவது மட்டும் உன் வேலை.

அவன் கணக்கை எழுதியவன் ஹார்கிரீவ், ஆஸ்திரேலியாக்காரன். ஒரே ஓர் அடியில் அவனிடம் தோற்று நிற்பவனும் ஹார்கிரீவ்தான்.

"சரியா இருக்கான்னு பாத்துக்கப்பா. என் எழுத்து கோழிக் கிறுக்கல்."

அவன் தலையாட்டினான்.

ஏழாம் குழிக்கு நேரே 4.

கிறுக்கலே இல்லை. அச்சடித்த மாதிரி நான்கு.

மத்தியானம் அங்கேதான் அவன் பந்து மூங்கில் புதருக்குள் போயிற்று. பின்னாலேயே அவனும், மட்டைப் பையைச் சுமக்கும் அவன் மனைவி யூஃபென்னும் போனார்கள். ஹார்கிரீவ் புதருக்கு அந்தப் பக்கம். கேமராக்கள் எல்லாம் கடைசிக் குழிகளில்.

வீசினான்.

மட்டை ஒரு தண்டில் உரசி, பந்துக்கு மேலே போயிற்று. பந்து இருந்த இடத்தில் இருந்தது. ஓர் இலைகூட விழவில்லை.

அடிக்க நினைத்து வீசினால், பந்தில் படாவிட்டாலும் ஓர் அடி. சும்மா வீசிப் பார்த்தால் ஒத்திகை. அதற்குக் கணக்கில்லை.

எடுத்துப் பார்த்துவிட்டு வைத்த துணிக்கு எந்தக் கடையிலும் பில் போடுவதில்லை. இந்த ஆட்டத்தில் மட்டும், வாங்கும் எண்ணம் இருந்ததா என்று கேட்பார்கள். பதில் தெரிந்தவன் ஒரே ஆள்.

யூஃபென் அவன் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"ஒத்திகைதானே அது?"

மீன் சந்தையில் வளர்ந்தவள். முதல் விலையை அவள்தான் சொல்வாள்.



அவன் மறுபடி வீசினான். பந்து வெளியே வந்தது. குழியில் முடித்ததும் ஹார்கிரீவ் தூரத்திலிருந்து நான்கு விரலைக் காட்டினான். அவன் தலையாட்டினான்.

இங்கிலீஷில் யார் எது சொன்னாலும் தலையாட்டித் தலையாட்டியே நாடு நாடாகப் போய் ஆடியவன். விமானத்தில் அப்படித் தலையாட்டி வேண்டாத காப்பியைக் குடித்தவன். இதுவும் அந்த ரகம்தான் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தான்.

விரலுக்கு எந்த ஊரில் மொழிபெயர்ப்பு வேண்டும்?

மீதிக் குழிகளைப் பேய் பிடித்தவன்போல ஆடினான். இரண்டடி வித்தியாசத்தில் முந்திவிட்டால் உண்மையைச் சொல்லியும் ஜெயிக்கலாம்.

கடைசியில் கையில் நின்றது ஓர் அடிதான்.

கூடாரத்தின் வாசல் வழியே கொடிக்கம்பம் தெரிந்தது. அவன் நாட்டிலிருந்து இந்தக் கோப்பையை இதுவரை எவனும் தொட்டதில்லை. சீனக் கொடியே இந்தக் கிளப்பில் இல்லை. நேற்று அவன் முன்னுக்கு வந்த பிறகுதான் தையற்காரரிடம் ஓடினார்கள். செக்கச்செவேல் என்று இருந்தது. சின்ன நட்சத்திரங்களில் ஒன்று கோணல்.

கம்பத்தடியில் யூஃபென். பைக்கு மழையுறை போட்டு, ஜிப்பை இழுத்து மூடியாயிற்று. ஊரில் அவர்களுடைய நூடுல்ஸ் கடை அடகில் கிடக்கிறது. அதை வைத்துத்தான் விமான டிக்கெட், விடுதி, மட்டை, பந்து எல்லாம். மூடிய பையின் மேல் அவள் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள். கடையைத் திறந்து முதலில் எந்தச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பது என்று யோசிக்கும்போது போடுகிற தாளம் அது.

ஹார்கிரீவ் கொட்டாவி விட்டான்.

அவன் பென்சிலை எடுத்தான். வைத்தான். எடுத்தான். கையெழுத்துப் போடும் இடத்துக்குக் கொண்டு போனான்.

கை மேலே ஏறியது.

நான்கின் குறுக்கே ஒரு கோடு. பக்கத்தில் ஐந்து.

கொட்டாவி பாதியில் நின்றது.

"எப்போ?"

அவன் பென்சிலைக் காற்றில் ஒரு வீசு வீசிக் காட்டினான். அது எதிலும் படவில்லை.

ஹார்கிரீவ் சிரித்தான். அட்டையைப் பார்த்தான். பிறகு சிரிக்கவில்லை. கழற்றி வைத்த கையுறையைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டான்.

"எந்திரிடா கிறுக்கா. இப்ப ரெண்டு பேரும் சமம், இன்னொரு குழி ஆடணும். வெளிச்சம் போயிரும்."

வெளியே ஸ்கோர் பலகைக்காரர் ஏணியில் ஏறினார். அவன் பெயருக்கு நேரே இருந்த 278-இல் எட்டைக் கழற்றினார். ஒன்பதைத் தேடினார்.

யூஃபென்னின் விரல்கள் நின்றன.

ஒன்பது பலகையில் ஏறும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு குனிந்து ஜிப்பைத் திறந்தாள். நீளமான மட்டையை உருவி அவனிடம் நீட்டினாள்.

அவன் பிடித்தான். அவள் விடவில்லை.

மழை பேரத்தை முடித்துக்கொண்டு ஒரு சொட்டு விட்டது.

அவள் விட்டாள்.

அவன் பந்தை வைத்தான். ஒத்திகைக்கு வீசவில்லை.

பலகையில் மேலே 279.

கீழே 279.