சிற்றாலயத்தில் ஓர் ஆசனம்

"நல்லாப் பாத்துக்குங்க. ஆண்டவர் இருக்கிற நற்கருணைப் பேழைக்கு முன்னாடியே யோகா!"

தேவாலயப் பங்குப் பேரவைச் செயலாளர் கைப்பேசியை மேசை நடுவில் வைத்தார். நேரில் எல்லோருக்கும் அவர் 'ஐயா'; முதுகுக்குப் பின்னால் 'குட்டிப் பாப்பரசர்'. பெரிய பாப்பரசர் பத்துப் பேரைக் கேட்டு யோசித்துச் சொல்லும் விஷயத்தை, இவர் யாரையும் கேட்காமல், யோசிக்காமல் சொல்லிவிடுவார்.

படத்தில் அரை இருட்டு. சன்னல் கம்பிக்கு அப்பால் தரையில் ஒரு வெள்ளைத் துணிக் குவியல், அதன் பின்னால் இரண்டு வெறும் பாதங்கள். நெற்றி தரையைத் தொட, கைகள் முன்னால் நீண்டிருந்தன. முகம் தெரியவில்லை.

"நேத்து மத்தியானம் சிற்றாலயத்துச் சன்னல் வழியா எடுத்தேன், ஆஸ்பத்திரிக்குப் போற வழியில. பொண்ணுக்கு ஆபரேஷன்னா சபைக் காரியத்த விட்டுட முடியுமா? ரொம்ப நேரம் அங்கேயே நின்னு பாத்தேன், ஆள் அசையவே இல்ல. இதுக்குப் பேரு குழந்தை ஆசனமாம். இன்டர்நெட்ல இதே மாதிரி படம் கிடக்கு."

"பொண்ணு இப்ப எப்படி இருக்கு?" என்று பொருளாளர் கேட்டார்.

"பிழைச்சுக்கிட்டா. டாக்டரே கைய விரிச்ச கேசு. என்னை மாதிரி ஒழுங்கா இருக்கிறவன ஆண்டவர் கைவிடுவாரா?"

மேசையின் கோடியில் வெள்ளைச் சேலையில் மறைக்கல்வி டீச்சர் உட்கார்ந்திருந்தார். முதல் நற்கருணை வாங்கப்போகும் பிள்ளைகளுக்கு வருடம் முழுக்க ஜெபம் சொல்லிக்கொடுத்தவர். வரும் ஞாயிறு அவர்களைப் பீடத்துக்கு அழைத்துப் போகவேண்டியவரும் அவர்தான். அவர் அந்த வரிசையில் நிற்கலாமா கூடாதா என்பதுதான் இன்றைய விசாரணை.

"சுத்தி வளைக்க வேணாம். யோகா வகுப்புக்குப் போறீங்களா, இல்லையா?"

"போறேங்கய்யா. முதுகு வலிக்கு. அங்க நாற்காலியில உக்காந்து மூச்சுப் பயிற்சி மட்டுந்தான் பண்றேன். ஆனா இந்தப் படத்துல இருக்கிறது நான் இல்ல."

"கேட்டுக்கிட்டீங்களா? போறாங்களாம்!"

"மூச்சுல என்னங்க மதம் இருக்கு?" என்று பொருளாளர் இழுத்தார்.

"இன்னைக்கு மூச்சு, நாளைக்கு மந்திரம். ஒட்டகத்துக்கு இடம் கொடுத்த கதைதான். நான் கேக்கிறேன், ஆண்டவர் யோகா பண்ணாரா?"

"அவரு கைப்பேசிகூட வச்சுக்கல," என்றார் பாடகர் குழுத் தலைவி. செயலாளர் முறைத்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டு சன்னலைப் பார்த்தார்.

"உடம்ப வளைச்சா விசுவாசமும் வளையும். நான் ஆயுசுக்கும் குனிஞ்சவன் இல்ல."

அது சத்தியமான வார்த்தை. பூசையில் எல்லோரும் முழந்தாளிடும்போது அவர் மட்டும் முதல் வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பார். மூட்டு வலி என்று யாரும் கேட்காமலே சொல்லுவார்.

டீச்சர் கண்ணைத் துடைத்தபோது கைக்குட்டை நழுவித் தரையில் விழுந்தது. அதைப் பார்த்தார், நாற்காலியின் கையைப் பிடித்தார், பிறகு அப்படியே விட்டுவிட்டார். பாடகர் குழுத் தலைவிதான் எழுந்து வந்து எடுத்துக் கொடுத்தார்.

"பாத்தீங்களா திமிர! கீழ விழுந்ததக்கூட அடுத்தவங்க எடுத்துத் தரணும்." செயலாளர் மேசையைத் தட்டினார். "யோகா வகுப்பு, வெள்ளைச் சேலை, கையில சிற்றாலயச் சாவி. வேற என்ன வேணும்?"

அவருக்கு இவ்வளவு போதும். இதை வைத்துக்கொண்டு கொலைக் குற்றத்தையே நிரூபித்துவிடுவார்.

"ஐயா, என்னை என்ன வேணா சொல்லுங்க," என்றார் டீச்சர். "ஞாயித்துக்கிழமை மட்டும் பிள்ளைங்ககூட நிக்க விடுங்க. நான் பக்கத்துல இல்லேன்னா அதுங்க பயந்துபோயிடும்."

"அந்தக் கவலை உங்களுக்கு வேணாம். வேற ஆள் பாத்தாச்சு. என் மச்சினி வர்றா."

பொருளாளர் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். குட்டிப் பாப்பரசரைப் பகைத்துக்கொண்டு அந்தப் பங்கில் யார் குப்பை கொட்டுவது?

கைப்பேசி ஒவ்வொரு கையாக மாறிக் கடைசியில் பங்குத்தந்தையிடம் வந்தது. அவர் இவ்வளவு நேரமும் மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார்; அது வெள்ளை அங்கியின் பையிலேயே இருந்தது. மாட்டிக்கொண்டு பார்த்தார். விரலால் படத்தைப் பெரிதாக்கி மறுபடியும் பார்த்தார்.

"டீச்சருக்கு முதுகெலும்புல தகடு வச்சிருக்காங்கய்யா. அவங்களால குனிய முடியாது. கைக்குட்டையையே எடுக்க முடியல, நீங்க திமிருன்னுட்டீங்க."

"அப்ப இது யாரு?"

"இந்தக் குதிகால் வெடிப்பு என்னோடது."

செயலாளர் எட்டிப் படத்தைப் பார்த்தார், பிறகு பங்குத்தந்தையின் காலைப் பார்த்தார். ஆனாலும் பழக்கதோஷம் லேசில் விடுமா?

"ஃபாதர்... நீங்களுமா யோகா பண்றீங்க?"

பங்குத்தந்தை கைப்பேசியை அவர் கையில் வைத்தார்.

"இல்லய்யா. உங்க பொண்ணுக்காக வேண்டிக்கிட்டிருந்தேன்."