மறுமுனை

"அனுப்பச் சொன்னா 'விடுவி'யை அழுத்தி வெச்சிருக்கு! அதுக்கு மூளையே இல்லை, டோன்யா சுனில்டா!"

வில்ஃப்ரிதோ நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினான். பராகுவேயின் தலைநகர் அசுன்சியோனில் இருந்த அந்த ரத்த வங்கிக்கு மென்பொருள் எழுதியவன் அவன். எந்த ஊர் மருத்துவமனைக்கு எந்த ரத்தப் பையை அனுப்புவது என்று பார்க்கும் மேசையை ஓர் ஏ.ஐ. ஏஜென்டிடம் ஒப்படைக்கலாமா என்று நிர்வாகக் குழு யோசித்துக்கொண்டிருந்தது. அதற்காக மென்பொருளின் ஒவ்வொரு கருவிக்கும் அவன் விளக்கம் எழுத வேண்டும். திரைக்கு அந்தப் பக்கம் இருக்கும் மறுமுனை அதைப் படித்து, பயிற்சிக் கணக்கில் பைகளை அனுப்பிக் காட்ட வேண்டும்.

வங்கியின் தலைமைப் பொறுப்பில் இருந்த, எல்லோரும் மரியாதையாக 'டோன்யா' என்று அழைக்கும் சுனில்டா, தெரெரே என்னும் குளிர்ந்த மூலிகைத் தேநீரை நிதானமாக உறிஞ்சினார்.

"மறுமுனைக்கு உன் எழுத்து மட்டும்தான் தெரியும். நீ என்ன எழுதியிருக்கே, படி."

"'விடுவி: பையை விடுவிக்கும்.'"

"எங்கேர்ந்து?"

"ஒதுக்கீட்டுலேர்ந்து. அனுப்பறதுக்குத்தான் 'வழங்கு'ன்னு வேற கருவி இருக்கே."

"அது உன் தலைக்குள்ள இருக்கு. வில்லாரிக்கா ஆஸ்பத்திரியில ஒரு பொண்ணு பிரசவ மேசையில படுத்திருந்தா, உன் தலைக்குள்ள வந்தா தேடுவாங்க?"

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உட்கார்ந்து எழுதினான்: 'ஒரு நோயாளிக்காக ஒதுக்கிய பையைத் திரும்பவும் பொது இருப்பில் சேர்க்கும். பை குளிர்பெட்டியை விட்டு நகராது. மருத்துவமனைக்கு அனுப்ப இதைப் பயன்படுத்த வேண்டாம். அதற்கு 'வழங்கு' இருக்கிறது.'

கொஞ்ச நேரத்தில் திரையில் ஒரு கேள்வி வந்தது. 'தேதி என்று கேட்கும் இடத்தில் ரத்தம் எடுத்த தேதியா, காலாவதியாகும் தேதியா?'

"மெதுவாத்தான் பதில் வருது. ஆனா கேள்வி நல்ல கேள்வி," என்று முணுமுணுத்தான். "பாவம், யாராவது சொன்னாத்தானே அதுக்குத் தெரியும்."

அதன்பிறகு அவனிடம் எரிச்சல் குறைந்தது. காலையில் சூடான சீபா ரொட்டியும் கையுமாக வந்து முதல் வேலையாகத் திரையைப் பார்ப்பான். 'பிழை' என்று மட்டும் கத்திக்கொண்டிருந்த கருவியை, 'இந்த வகை ரத்தம் இருப்பில் இல்லை. மாற்று வகையைத் தேடிப் பாருங்கள்' என்று பேச வைத்தான். ஒவ்வொரு கருவிக்கும் ஓர் உதாரணம் சேர்த்தான். மறுமுனை தடுமாறினால், "நான்தான் சரியா சொல்லலை," என்று திருத்தி எழுதினான்.

"அப்போ இப்ப அந்த மேசையைப் பார்த்துக்கிற எர்மெலிந்தாவை வேலையை விட்டு அனுப்பிடலாங்கறியா?" என்று ஒரு நாள் கேட்டார் சுனில்டா.

"எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. ரெண்டு பசங்களை வெச்சிருக்கா. ஆனா அவளுக்கு இது வரலை, டோன்யா. எப்பப் பார்த்தாலும் தப்பு. தப்பு நடந்தா இங்க உயிர் போகும்."



கடைசிச் சோதனை வெள்ளிக்கிழமை நடந்தது. மூன்று ஊர்களிலிருந்து ஒரே நேரத்தில் அவசர அழைப்பு. அதில் ஒன்று லேசில் கிடைக்காத ரத்த வகை. வில்ஃப்ரிதோ நகத்தைக் கடித்துக்கொண்டு திரையைப் பார்த்தான். மறுமுனை முதலில் இருப்பைப் பார்த்தது. காலாவதியைச் சரிபார்த்தது. அவசரமில்லாத ஓர் ஒதுக்கீட்டை விடுவித்து, அந்தப் பையை அவசரமானவருக்கு வழங்கியது. எங்கும் தப்பு இல்லை.

"பார்த்தீங்களா! பார்த்தீங்களா!" எழுந்து குதித்தான்.

சுனில்டா நிர்வாகக் குழுத் தலைவரைத் தொலைபேசியில் பிடித்து, ரிசீவரை அவனிடம் நீட்டினார். "நீயே சொல்லு."

"ஐயா, நான் பொறுப்பு," என்றான் அவன். "இவ்வளவு நிதானமா, கவனமா வேலை பார்த்து நான் பார்த்ததே இல்லை. புரியலைன்னா கேட்குது. ஒரு தடவை சொன்னா அப்புறம் தப்பே பண்றதில்லை. கண்ணை மூடிக்கிட்டு மேசையை ஒப்படைங்க. இதைப் போய் வேண்டாம்னு சொன்னா நமக்குத்தான் நஷ்டம்."

"நீங்க சொன்னா சரி. அப்படியே செஞ்சிடலாம்," என்றார் தலைவர்.

ரிசீவரை வைத்துவிட்டு, சுனில்டா பக்கத்து அறையின் கதவைத் திறந்தார். உள்ளே ஒற்றைக் கணினியின் முன்னால் எர்மெலிந்தா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏஜென்டை இன்னும் யாரும் இணைக்கவே இல்லை, வில்ஃப்ரிதோ. இத்தனை நாளும் நீ எழுதினதைப் படிச்சு வேலை பார்த்தது இவதான்."