சண்டை பிடிக்காத சோடி

மலைகளிலும், மலையிடுக்கில் கடல் புகுந்த ஃபியோர்டுக் கரைகளிலும் நான்கு நாள் நடந்ததில், ஆக்லாந்திலிருந்து சோடி சோடியாகச் சுற்றுலா வந்த பன்னிரண்டு பேரில் பத்துப் பேர் ஒருவரோடொருவர் முறைத்துக்கொண்டிருந்தார்கள். பார்த்தீபனும் பிரசாந்தியும் மட்டும் ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை.

மழையில் அவள் வழுக்கியபோது அவன் கை கொடுத்தான். அவளுடைய தண்ணீர்ப் போத்தலை அவன் தங்குமிடத்திலேயே மறந்துவிட்டு வந்தபோது, "பரவாயில்லை" என்றாள்.

கடைசி நாள் மதியச் சாப்பாட்டில், கூட வந்த மாலினி கேட்டேவிட்டாள். "எங்க வீட்டுக்காரரோட நான் ஈரச் சாக்ஸுக்கே சண்டை போட்டேன். நீங்க மட்டும் எப்படிங்க?"

"அப்பிடி விசேசமா ஒண்டுமில்லை," என்றான் பார்த்தீபன். எல்லோரும் கைதட்டினார்கள். பிரசாந்தியும் சிரித்து வைத்தாள்.

ஆக்லாந்து விமான நிலையத்தில் மற்றவர்கள் விடைபெற்றுப் போனபின், இருவரும் டாக்சிக்காக நின்றார்கள்.

"பிரணவி ஃபோன் எடுத்தா, நல்லாப் போச்சுது எண்டு சொல்லும். எங்கட இருபத்தஞ்சாவது கலியாண நாளுக்கெண்டு மகள் ஆசையாப் புக் பண்ணினது," என்றான் பார்த்தீபன்.

"ஓம். டனீடின்ல அவளுக்கு யூனிவர்சிட்டிச் சோதனை முடியட்டும். பிறகு மற்றதைச் சொல்லுவம்."

டாக்சி வந்தது. அவளுடைய பையைத் தூக்கி வைத்துவிட்டு அவன் கேட்டான்.

"நீர் இப்ப எவடத்தில இருக்கிறீர்?"

பிரிந்த ஐந்து மாதங்களில் அவன் அதைக் கேட்பது இதுதான் முதல் தடவை.

"வெஸ்ட்கேட்."

"நல்ல இடம்," என்று சொல்லிக் கதவைச் சாத்தினான்.