கர்ப்பப்பை இறுகும் வரை

யோகேஸ்வரிக்கு ரத்தம் நிற்கவில்லை.

பிரசவம் முடிந்து அரை மணி நேரம். ஊசி இரண்டு முறை போட்டாயிற்று. சாத்தூரிலிருந்து ஆம்புலன்ஸ் வண்டி வர இன்னும் அரை மணி நேரமாகும் என்றார்கள்.

நர்ஸ் பத்திரகாளி சிஸ்டர் அவள் தொப்புளுக்குக் கீழே கையை அழுத்தித் தேய்த்துக்கொண்டே இருந்தார். கர்ப்பப்பை பிசைந்த மாவு மாதிரிக் கிடக்கிறதாம், தேங்காய் மாதிரி இறுக வேண்டுமாம். பக்கத்துக் கட்டிலில் படுத்தபடி நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ஏத்தா, நீ அணுகுண்டு வெடிக்குச் சணல் சுத்துறவதான? அதே வேலயத்தான் இப்ப உன் வயிறு செய்யணும்” என்றார் சிஸ்டர்.

தாயில்பட்டி பட்டாசுக் கம்பெனியில் ஒன்பதாம் மாதம் வரை வேலை பார்த்தவள் அவள். உதடு வெளுத்துப்போயும் தலையை ஆட்டினாள்.

சிஸ்டர் பிள்ளையை வாங்கி அவள் மார்பில் போட்டார்.

நல்ல பசி போல. கவ்விய வேகத்தில் யோகேஸ்வரியே திடுக்கிட்டாள்.

பிள்ளை சப்பச் சப்ப மூளையிலிருந்து ஒரு சுரப்பு கிளம்பும் என்றார் சிஸ்டர். ஊசியில் இருப்பதும் அதேதானாம். இத்தனை மாதம் கர்ப்பப்பையை அசையாமல் அடக்கி வைத்தது வேறொரு சுரப்பு. அதன் ஆட்சி முடிந்ததும் இது வந்து தசையைச் சுருக்கும். நார்கள் குறுக்கும் நெடுக்குமாக இறுகி, திறந்து கிடக்கும் ரத்தக்குழாய்களை நெரித்து மூடும். நான் பி.ஏ. படித்தவள், இதில் ஒரு வரி தெரியாது. சத்தமே இல்லாமல் இவ்வளவு வேலை பார்க்கிற உடம்பை நினைத்து மலைத்துப் போனேன்.

யோகேஸ்வரி வலியில் முகம் சுளித்தாள். சிஸ்டர் சிரித்தார். அவர் கைக்கடியில் கர்ப்பப்பை கெட்டியாகிக்கொண்டிருந்தது. துணி நனைவது குறைந்தது. பிறகு நின்றது.

வண்டி வந்ததும் சிஸ்டர் பிள்ளையை எடுத்து என் மடியில் கொண்டுவந்து போட்டார்.

அவன் என் மகன். பிறந்து மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. யோகேஸ்வரியின் மகளை, மூச்சுத் திணறலென்று, பிறந்த உடனே விருதுநகர் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். சிஸ்டர் கேட்டதும் யாரையும் கேட்காமல் நான்தான் தூக்கிக் கொடுத்தேன்.

எங்கள் வீட்டில் பெரியவர் ஒருவர் நாக்கில் தேன் தொட்டு வைத்த பிறகுதான் பால். முதலில் தொட்டு வைப்பவரின் குணம் பிள்ளைக்கு வரும் என்று நம்பிக்கை. அதற்காகத்தான் மாமியாரின் அண்ணன் ஜெய்லானி மாமா சிவகாசியிலிருந்து கிளம்பிக்கொண்டிருந்தார்.

மாமியார் குல்சார் பேகம் தேன் பாட்டிலோடு வார்டு வாசலில் நின்றிருந்தார். எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். நான் அவசரமாகப் பிள்ளையின் வாயைத் துடைத்தேன்.

யோகேஸ்வரியைத் தூக்கிப் போகும் ஸ்ட்ரெச்சருக்கு வழிவிட்டு ஒதுங்கியவர், அது வண்டியில் ஏறும் வரை பார்த்தார். பிறகு தேன் பாட்டிலைத் திறக்காமலே செல்போனை எடுத்தார்.

“அண்ணே, நீங்க அலைய வேணாம். புள்ளைக்குத் தொட்டு வச்சாச்சு.”