மாமா என்று கூப்பிட்டவள்

தங்கை மறுமணம் செய்துகொண்டது ஜார்ஜியா நாட்டைச் சேர்ந்த ஒரு தச்சரை. அண்ணனுக்கு அது பிடிக்கவே இல்லை. தங்கை மகளைத் தன்னோடு அழைத்துப்போக வந்துவிட்டார்.

"இன்னும் அந்த ஆளை மாமான்னுதானே கூப்பிடுறா? அப்பான்னு ஒரு தடவையாவது வாயில வந்துச்சா? அவளுக்கு மனசு ஒட்டல. நான் கூட்டிட்டுப் போறேன்."

தங்கை வாயைத் திறப்பதற்குள், மகள் வந்து தச்சரின் பக்கத்தில் நின்றாள்.

"நான் எங்கயும் வரல, மாமா."

"யாரைச் சொல்ற? என்னையா, இவரையா?"

"உங்களைத்தான். தமிழ்ல நீங்க மாமா. என் கிளாஸ்ல இங்கிலீஷ் பேசுறவங்க அம்மாவை மாமான்னு கூப்பிடுறாங்க."

"அப்ப இவரு?"

"கல்யாணத்தன்னைக்கே இவர்கிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். இவங்க மொழியில மாமான்னா அப்பா."